கீரை ஏன் கறுக்கிறது, ஏன் கசக்கிறது? ரத்தசோகை உள்ள மகளுக்கு எதை, எப்படிக் கொடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 வந்தது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, கீரையும் தினமும் சேர்க்கச் சொன்னார். சாயங்காலம் தெருவில் வரும் கீரைக்கார அம்மாவிடம் வாங்கி, மறுநாள் காலை குக்கரில் புளி போட்டு இரண்டு விசில் விட்டுக் கடைகிறேன். கறுத்துப்போகிறது. முருங்கைக்கீரை பொரித்தால் கசக்கிறது. மகள் இரண்டு வாய்க்கு மேல் தொடமாட்டேன் என்கிறாள். சாப்பிட்டதும் டீ கேட்கிறாள். மாமனாருக்கு இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல் வந்தது. அவருக்குக் கீரையே ஆகாது என்கிறார்கள். ஒரே வீட்டில் என்ன சமைப்பது? – வாசகி, அவனியாபுரம், மதுரை

பதில்: கீரையில் குறையில்லை. குக்கரும் புளியும் சேர்ந்து அதன் நிறத்தையும் ருசியையும் கெடுக்கின்றன. மிஞ்சிய இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கிறது. மூன்றையும் மாற்றுவது கஷ்டமில்லை.

கறுப்பதற்குக் காரணம் இதுதான். இலையின் பச்சையத்துக்கு நடுவில் மக்னீசியம் இருக்கிறது. சூட்டில் புளிப்பு பட்டதும் அந்த மக்னீசியம் கழன்றுவிடும், பச்சை மங்கிப் பாசி நிறமாகும். புளி போடாவிட்டாலும் கீரைக்குள்ளேயே கொஞ்சம் புளிப்பு உண்டு. வேகத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் அது ஆவியோடு வெளியேறும். மூடி வைத்தால் வேர்த்து மறுபடியும் கீரை மேலேயே சொட்டும். குக்கரில் விசில் வரும்வரை ஆவி போக வழியே இல்லை. "கீரையை மூடி வேகவைக்காதே" என்று பாட்டிமார் சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

புளி இன்னொரு கெடுதலும் செய்கிறது. புளிப்பு பட்ட தண்டு சீக்கிரம் வேகாது. தண்டு வேகவில்லையே என்று நீங்கள் இன்னொரு விசில் விடுவீர்கள். இலை கூழாகும், தண்டு மட்டும் நாராக வாயில் நிற்கும். பிள்ளைகள் கீரையைத் துப்புவது பெரும்பாலும் இந்த நாருக்காகத்தான். சிலர் பச்சை நிறம் நிற்கட்டும் என்று ஆப்பசோடா போடுகிறார்கள். நிறம் நிற்கும், ஆனால் வைட்டமின் சி-யும் தயாமின் என்ற வைட்டமின் பி1-உம் அழிந்துபோகும், கீரையும் வழவழத்துவிடும். சோடா வேண்டவே வேண்டாம்.

இனி வாங்குவது. மாலையில் வரும் கட்டு பெரும்பாலும் விடிகாலையில் பறித்தது. பகலெல்லாம் மதுரை வெயிலில் தண்ணீர் தெளித்துத் தெளித்து நிமிர்த்தி வைத்திருப்பார்கள். அதை நீங்கள் மறுநாள் சமைக்கும்போது ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடுகிறது. கீரையில் வைட்டமின் சி-தான் முதலில் குறையும், இரும்பைச் சேர்த்துக்கொள்ள உங்கள் மகளுக்கு வேண்டியதும் அதுதான். முடிந்தவரை காலையில் உழவர் சந்தையில் வாங்குங்கள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. பறித்தவர் கையிலிருந்தே வாங்கும் வசதியின் அருமை மற்ற காய்களைவிடக் கீரையில்தான் அதிகம் தெரியும்.

கட்டைக் கையில் எடுத்ததும் தண்டை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்து நீர் கசிந்தால் இளசு, நார் இழுத்தால் முற்றல். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தண்டுக்கீரையிலும் சிறுகீரையிலும் அடியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளைக் கொப்புளங்கள் இருந்தால் அது வெள்ளைத் துரு என்ற பூஞ்சாண நோய். அந்தக் கட்டு வேண்டாம். இரண்டு மூன்று ஓட்டை இருப்பதில் தவறில்லை, பூச்சி கடித்த இடத்தைக் கிள்ளிவிடலாம். வேரோடு இருக்கும் கட்டு கூடுதல் நேரம் வாடாது.

மறுநாளுக்கு வைப்பதானால் கழுவாமல், வேரை மட்டும் நறுக்கிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் நடுவிலிருந்து அழுகும். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். முருங்கைக் கொத்துக்கு இந்தத் துணி இன்னொரு வகையில் உதவும்: ராத்திரி இறுக்கிச் சுற்றி வெளியிலேயே வைத்துவிட்டுக் காலையில் துணியை விரித்துக் கொத்தை உதறினால் இலை தானாகக் கொட்டும். கையில் மிஞ்சும் ஈர்க்கை எறிந்துவிடலாம். உருவ நேரமில்லை என்று முருங்கையை ஒதுக்குகிறவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

கழுவிய பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிக் கழுவினால் வெட்டுவாய் வழியாகச் சத்து தண்ணீரில் போகும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கீரையை அலசி, கீரையை மட்டும் மேலே தூக்கி எடுங்கள். பாத்திரத்தோடு கவிழ்த்தால் அடியில் படிந்த மணல் மறுபடி கீரையிலேயே ஒட்டும். அடியில் மணல் தெரியாதவரை, மூன்று நான்கு தண்ணீர். பொன்னாங்கண்ணி, வல்லாரை போல நீரோரம் வளர்பவற்றுக்கு இன்னும் ஒரு தண்ணீர் கூட.

இப்போது அரைக்கீரைக் கடைசல். ஆய்ந்த கீரை 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டின் பருமனைப் பொறுத்து ஒன்றிரண்டு கட்டு ஆகும். மண்சட்டியில் அரை டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். உரித்த சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், பச்சை மிளகாய் 2, சீரகம் அரை ஸ்பூன் போட்டு முதலில் இவற்றை வேகவிடுங்கள். வெங்காயம் கண்ணாடியானதும் நறுக்கிய கீரையைப் போடுங்கள். சட்டிக்கு மேல் குவிந்து நிற்கும். பயப்படாதீர்கள், இரண்டு நிமிடத்தில் கால்வாசியாக அமுங்கும். மூடாமல், மிதமான தீயில் 6 முதல் 8 நிமிடம். தண்டுத் துண்டை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். இறக்கி, ஆவி அடங்கிய பிறகு உப்பு. குவியலைப் பார்த்து முதலிலேயே உப்புப் போட்டால் அமுங்கியதும் கரிக்கும், கீரையில் இயல்பாகவே கொஞ்சம் உப்பு இருக்கிறது. பிறகு மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசையாகிவிடும், கடைந்ததில்தான் இலை இலையாகத் தெரியும். தண்ணீர் மிஞ்சினால் கொட்டாமல் ரசத்தில் ஊற்றுங்கள். மாமனாருக்கு மட்டும் வேறு கணக்கு, கடைசியில் வருகிறேன்.

தாளிப்புக்கு நல்லெண்ணெய் 2 ஸ்பூன், உளுந்து, வற்றல். எண்ணெயைக் குறைக்க வேண்டாம். கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் ஒட்டும். வைட்டமின் ஏ கிடைப்பது அதிலிருந்துதான். புளிப்பு வேண்டுமென்றால் தட்டில் சோற்றோடு பிசையும்போது அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பில் படாத அந்தச் சாறுதான் வைட்டமின் சி-யை முழுசாகக் கொடுக்கும். புளி மணம் இல்லாமல் இறங்காது என்றால் கீரை வெந்த பிறகு கோலிக்குண்டு அளவு புளியைக் கரைத்துவிட்டு ஒரு கொதியில் இறக்குங்கள்.

முருங்கைக்கீரை கசப்பது இலையின் குணமென்று பலர் நினைக்கிறார்கள். கொழுந்தும் நடுத்தர இலையும் கசக்காது. வாணலியில் நீர் வற்றி ஓரம் கருகும்போதும், கரண்டியால் ஓயாமல் கிண்டி இலையை நசுக்கும்போதும்தான் கசப்பு ஏறும். உருவிய இலை நான்கு கைப்பிடி. எண்ணெயில் கடுகு, வெங்காயம் வதங்கியதும் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடாமல் வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு முறை மட்டும் புரட்டிவிடுங்கள். 5 நிமிடத்தில் நிறம் அடர்ந்து மணம் மாறும். அப்போது குழையாமல் வேகவைத்த பாசிப்பருப்பு 2 கரண்டி, தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி, உப்பு போட்டு இறக்கிவிடுங்கள். ஈர்க்கு ஒன்றுகூட விழக் கூடாது, தொண்டையில் குத்தினால் மகள் அடுத்த முறை தட்டையே தள்ளுவாள்.

கடைசல் பிடிக்காத பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர நம் பக்கத்தில் நல்ல பண்டம் ஒன்று உண்டு: மணத்தக்காளிக்கீரைத் தண்ணிச்சாறு. மிளகுதக்காளி என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் 2 டம்ளர் கொதிக்கவைத்து, தாளித்த சின்ன வெங்காயம், சீரகம், கிள்ளிய வற்றல், ஒரு தக்காளி, இரண்டு கைப்பிடி கீரை போட்டு 7 நிமிடம். கீரை வெந்ததும் கெட்டித் தேங்காய்ப்பால் அரை டம்ளர் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். கொதித்தால் பால் திரியும். கீரையின் லேசான கசப்பைத் தேங்காய்ப்பால் மூடிவிடும். வாய்ப்புண்ணுக்கு இதைக் கொடுப்பது வழக்கம். கசக்கும் அகத்திக்கீரைக்கும் இதே முறை பொருந்தும். ஏகாதசி விரதம் இருந்தவர்கள் துவாதசி பாரணையில் அகத்தியை விடாமல் சேர்ப்பார்கள். கால்சியத்தில் அகத்தியோடு போட்டிபோடும் கீரை குறைவு.

எந்தக் கீரை, எவ்வளவு? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரை சொல்கிறது. வெந்தால் அது சுமார் அரைக் கிண்ணம்தான். 100 கிராம் முருங்கையிலோ தண்டுக்கீரையிலோ சுமார் 4.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, பாலக்கீரையில் சுமார் 3. கடைகளில் பாலக்குக்கு இருக்கும் மவுசைப் பார்த்து அதையே வாங்குகிறவர்கள் உண்டு. இரும்புக்காக என்றால் வாசலில் நிற்கும் முருங்கையே மேல். வாரத்தில் இரண்டு நாள் முருங்கை, இரண்டு நாள் அரைக்கீரை அல்லது சிறுகீரை, ஒரு நாள் மணத்தக்காளி என்று சுற்றுங்கள். ஒரே கீரை தினமும் வந்தால் சலிப்பு வரும், சத்திலும் ஒரு பக்கமே நிறையும்.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். 15 வயதுப் பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 30 மில்லிகிராம் இரும்பு தேவை. 100 கிராம் கீரை தருவது அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு, அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சமே. 9.8 என்பது மிதமான ரத்தசோகை. கீரை மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல. "கீரை சாப்பிடுகிறாளே" என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மாத்திரையைப் பாலோடும் டீயோடும் கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்ல துணை. கீரைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. டீயிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். நான்கு மணிக்கு டீ குடிக்கட்டும், தடையில்லை. வீட்டில் அசைவம் உண்டென்றால் கீரையோடு ஒரு துண்டு மீனோ ஈரலோ வையுங்கள், கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும்.

ராத்திரி கீரை கூடாது என்பது நஞ்சு என்பதற்காக அல்ல. மங்கிய விளக்கில் ஆய்ந்தால் பூச்சி தெரியாது. நார் மிகுந்ததை உண்டதும் படுத்தால் வயிறு உப்பும். ஏழு மணிக்குள் சாப்பிட்டால் பாதகமில்லை. காலையில் கடைந்த கீரையை மாலைவரை வெளியே வைத்துச் சூடு காட்டிச் சாப்பிடுவதுதான் தவறு. நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

மாமனாருக்கு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். பாலக்கீரையில் ஆக்சலேட் மிக அதிகம், தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை வகைகளிலும் உண்டு. அவருக்கு அவை வேண்டாம். முருங்கையும் வெந்தயக்கீரையும் ஒத்துக்கொள்ளும். முருங்கையில் கரையும் ஆக்சலேட் மிகக் குறைவு. எப்போதாவது அரைக்கீரை ஆசைப்பட்டால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கரையும் ஆக்சலேட்டில் நல்ல பங்கு அதோடு போகும். கூடவே தயிரோ மோரோ கொடுங்கள். தயிரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைக் கட்டிவிடும், சிறுநீரகம்வரை போகவிடாது. கீரையும் தயிரும் சேரக் கூடாது என்ற பேச்சை அவர் விஷயத்தில் தள்ளிவையுங்கள். மகளுக்கு நேர்மாறு: கால்சியம் இரும்பையும் ஓரளவு தடுக்கும், அவள் கீரையை மதியமும் தயிரை இரவிலும் வைத்துக்கொள்ளட்டும். முருங்கை சமைக்கும் நாளில் ஒரே சட்டி இருவருக்கும் போதும். அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை எடுப்பவரானால் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும், டாக்டரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும்.

ஒரு மாதம் கழித்து மகளுக்கு மறுபடி ரத்தம் பாருங்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் கீரையை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். குடற்புழு, மாதவிடாயில் அதிகப் போக்கு, வேறு ரத்தக் குறைபாடு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். எத்தனை நாள் போக்கு இருக்கிறது, கடைசியாகப் பூச்சி மாத்திரை எப்போது கொடுத்தீர்கள் என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.