பிள்ளைக்கு ஜெனிஷான்னு பேரு வைக்கலாமா?

கேள்வி: நான் மதுரைக்காரன், மனைவிக்கு மார்த்தாண்டம். பெண் குழந்தை பிறந்திருக்கு. மாமியார் வீட்ல ஜெனிஷா, அபிஷா, ரிஜிஷான்னு லிஸ்ட் போடுறாங்க. இதுக்கெல்லாம் அர்த்தம் உண்டா? கன்னியாகுமரி மாவட்டத்துல ஏன் இப்படிப் பேரு வைக்கிறாங்க?

பதில்:

முதல்ல வாழ்த்துகள். அர்த்தம் எல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க, அகராதிய எடுத்துக்கிட்டு உக்காராதீங்க. அப்பா ஜெயன், அம்மா நிஷா, பிள்ளை ஜெனிஷா, அவ்ளோதான் கணக்கு.

எங்க மாமி மகளுக்குப் பிள்ளை பிறந்தப்ப நான் பக்கத்துல இருந்து பாத்தேன். பழைய காலண்டர் அட்டைக்குப் பின்னாடி அப்பன் பேரு, அம்மை பேரு ரெண்டையும் எழுதி, இதுல தலைய வெட்டி அதுல வால ஒட்டி, ஒவ்வொண்ணா சத்தமா கூப்பிட்டுப் பாக்காவ. "எட்டி அஜிஷா... எட்டி அஜிஷா..." "அய்ய வேண்டாம், அது வடக்கு வீட்டுக்காரிக்க மகளுக்க பேருல்லா." கூப்பிட நல்லா இருக்கணும், தெருவுல வேற யாருக்கும் இருக்கப்படாது, இந்த ரெண்டுதான் கண்டிஷன். அர்த்தம் என்னன்னு கேட்டது எங்க பாட்டா மட்டும்தான், அவரை யாரும் சட்டை பண்ணல. பாட்டாவுக்க பேரு ஞானசிகாமணி, அவரு கேக்கத்தான் செய்வாரு.

ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க, அர்த்தம் உள்ள பேருக்கு எங்க மாவட்டத்துல பஞ்சமே கிடையாது. கிழக்க நாஞ்சில் நாட்டுப் பக்கம் தாணு, சிவதாணு, தாணுலிங்கம்னு பெரியவங்க இருப்பாங்க, எல்லாம் சுசீந்திரம் தாணுமாலயன் சாமி பேருதான். தாணுன்னா சிவன், மால்னா விஷ்ணு, அயன்னா பிரம்மா, மூணு பேரும் ஒரே பேருல. பூதலிங்கம்னு ஒரு ஆளப் பாத்தா பூதப்பாண்டியில எங்கன்னு கேக்கலாம், ஆதிகேசவன்னா திருவட்டாறு, பீர் முகம்மதுன்னா தக்கலை, அங்க பீர் முகம்மது அப்பா தர்கா இருக்கு. இசக்கிமுத்து, சுடலைமுத்து எல்லாம் எல்லா ஊர்லயும் உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்க என்.எஸ். என்னன்னு நினைக்கீங்க, நாகர்கோவில் சுடலைமுத்துதான். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா இருக்காருல்லா, பூதப்பாண்டிக்காரரு, அவருக்கு வீட்ல வச்ச பேரு சொரிமுத்து, சொரிமுத்து அய்யனார் பேரு. ஜீவானந்தம் எல்லாம் பின்னாடி வந்தது.

இதெல்லாம் கேக்க கொள்ளாம். ஆனா இந்தப் பேருகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பேரக் கேட்ட உடனே எந்த ஊரு, எந்த கோயிலு, எந்த ஆளு, அதாவது எந்த சாதின்னு ஒருத்தன் மனசுக்குள்ள கணக்குப் போட்டு முடிச்சிருவான். அந்தக் கணக்கு எவ்ளோ தூரம் போச்சுன்னா, 1809-ல சாமித்தோப்புல பிறந்த அய்யா வைகுண்டருக்கு அப்பா அம்மா ஆசையா வச்ச பேரு முடிசூடும் பெருமாள். தாழ்ந்த சாதிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு முடிசூடும் பெருமாளான்னு மேல்சாதிக்காரங்க சண்டைக்கு வந்து, முத்துக்குட்டின்னு மாத்த வச்சாங்க. திருவிதாங்கூர் காலத்துல ஒருத்தன் தன் பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்ங்கறத ஊருதான் தீர்மானிச்சிருக்கு, அத யோசிச்சா எனக்கு இன்னைக்கும் எரிச்சலா வரும். இப்ப வைகுண்டராஜன், வைகுண்டமணின்னு எத்தன பேரு இருக்காங்கன்னு பாருங்க, ஒருத்தனும் வாயத் திறக்க முடியாது.

அதுக்கும் முன்னாடி நட்டாலத்துல நீலகண்ட பிள்ளைன்னு ஒருத்தரு, 1712-ல பிறந்தவரு, 1745-ல ஞானஸ்நானம் வாங்கினப்ப லாசர்ங்கற பேரத் தமிழ்ல தேவசகாயம்னு வச்சாங்க. லாசருக்கு அர்த்தமே கடவுள் துணைங்கறதுதான், அப்படியே தூக்கித் தமிழ்ல போட்டுட்டாங்க. 1752-ல ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்தாடிமலையில அவரைச் சுட்டுக் கொன்னாங்க, 2022-ல புனிதர் பட்டம் கிடைச்சது. எங்க மாவட்டத்துல எந்தப் பக்கம் போனாலும் ஒரு தேவசகாயம் இருப்பாரு.

பழைய கிறிஸ்தவப் பேரெல்லாம் இப்படித்தான், தமிழுக்குள்ள கரைஞ்சு போயிருக்கும். பவுல்னா சின்னவன்னு அர்த்தம், அதனால சின்னப்பன். யோவான் அருளப்பன். கடற்கரைப் பக்கம் போனா சூசை, சவரிமுத்து, சிலுவை, வியாகுலம். உள்நாட்டுல சி.எஸ்.ஐ. சர்ச் பக்கம் வந்தா ஜெபமணி, ஞானமணி, நேசமணி, ஆணுக்கும் அதே பேரு பொண்ணுக்கும் அதே பேரு, கல்யாணப் பத்திரிகையில மணமகன் எது மணமகள் எதுன்னு ரெண்டு தடவ படிக்கணும். நேசமணின்ன உடனதான் ஞாபகம் வருது, 2019-ல நெட்ல வடிவேலுவுக்க பட கேரக்டர் நேசமணிக்காக எல்லாரும் வேண்டிக்கோங்கன்னு ஒரு காமெடி உலக லெவல்ல ட்ரெண்ட் ஆச்சே, எங்க பாட்டா நிஜமாவே குழம்பிட்டாரு. அவருக்கு நேசமணின்னா மார்ஷல் நேசமணி, 1956 நவம்பர் 1-ம் தேதி எங்க மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்துச்சுல்லா, அதுக்காக முன்னால நின்னு போராடின தலைவரு. "அவரு செத்து எவ்ளோ வருசமாச்சு, இப்ப எதுக்குலே ஜெபம்"ன்னு கேட்டாரு.

அப்புறம் ஏசுதாஸ், கிறிஸ்துதாஸ், தங்கராஜ், செல்வராஜ் காலம் வந்தது, அது எங்க அப்பாவுக்க செட்டு. எங்க சித்தப்பா மாமா வயசுல ஷிபு, ஷாஜி, பிஜு, சஜி எல்லாம் கேரளாக் காத்து. விளவங்கோடு பக்கம் அது இன்னும் ஜாஸ்தி, எல்லைய தாண்டினா பாறசாலை, கல்யாணமே அங்கயும் இங்கயுமாத்தான் நடக்கும், பேரு மட்டும் களியக்காவிளை செக்போஸ்ட்ல நிக்குமா. ஷிபுன்னா என்ன அர்த்தம்னு அவனுக்க அம்மைட்ட கேட்டா அவளுக்கே தெரியாது. அந்த ஷிபுவுக்க பிள்ளைங்கதான் இப்ப அஜின், ஜெபின், அபிஷா, ஜெனிஷா.

உங்க மாமியார் லிஸ்ட்ல எனக்குப் பிடிச்ச விஷயம் இதுதான். தாணுன்னா ஒரு கோயிலு, சவரிமுத்துன்னா ஒரு சர்ச்சு, ஜெனிஷான்னா? இந்துவா கிறிஸ்தவமா, கிழக்கா மேற்கா, எந்த ஆளு, ஒண்ணும் பிடி கிடைக்காது. எங்க பக்கம் ரெண்டு மதத்துக்காரங்களும் இந்தப் பேர வைக்காங்க. பேர வச்சு ஆள எடை போடுறவன் ஒரு நிமிஷம் முழிப்பான் பாருங்க, அது போதும் எனக்கு. அர்த்தம் இல்லாத பேருன்னு மதுரையில உங்க வீட்ல யாராவது முகம் சுளிச்சா இதச் சொல்லுங்க. உங்களுக்கு மனசு ஒப்பலன்னா ஒரு தமிழ்ப் பேரும் கூட சேத்துக்கிடுங்க, இங்க வீட்டுப் பேரு ஒண்ணு சர்டிபிகேட் பேரு ஒண்ணுன்னு ரெண்டு பேரு இல்லாத பிள்ளைங்க கம்மி. மேக்க இந்துக்கள் வீட்ல இருபத்தெட்டு கெட்டுன்னு 28-ம் நாள் இடுப்புல நூல் கெட்டி காதுல பேரு சொல்லுவாவ, அதுல சொல்ற பேரு ஒண்ணா இருக்கும், வீட்ல கூப்பிடறது மோளுன்னு இருக்கும்.

ஒரு விஷயத்துல மட்டும் அசால்ட்டா இருக்காதீங்க, ஸ்பெல்லிங். எங்க ஊர்ல ஜான் கிடையாது, ஜாண். ஆண்டனி கிடையாது, ஆன்றனி. பிரின்ஸ் இல்ல பிறின்ஸ். இங்க உள்ளவங்களுக்கு அதுதான் சரி, ஆனா வெளி மாவட்டத்துல ஃபார்ம் நிரப்புறவங்க அவங்க இஷ்டத்துக்கு மாத்தி எழுதிருவாங்க, அப்புறம் டிசியில ஒண்ணு ஆதார்ல ஒண்ணுன்னு அலையணும். ஜெனிஷாவுக்கே இங்கிலீஷ்ல ஜி போடவா ஜே போடவா, கடைசில எச் உண்டா இல்லையான்னு நாலு விதமா எழுதலாம். முதல்ல ஒண்ண முடிவு பண்ணி பிறப்புச் சான்றிதழ்ல தமிழ், இங்கிலீஷ் ரெண்டையும் நீங்களே எழுத்துக் கூட்டிப் பாத்துட்டு வாங்குங்க. அதுக்குள்ள மாமியாரும் நீங்களும் ஒத்துப் போகலன்னாலும் ஒண்ணும் குடி முழுகிப் போகாது, பிறப்ப 21 நாளைக்குள்ள பதிஞ்சிரணும், பேரு இல்லாமலும் பதியலாம். ஒரு வருசத்துக்குள்ள சேத்தா காசு கிடையாது, அதுக்கு மேல 15 வருசம் வரைக்கும் கட்டணம் கெட்டி சேத்துக்கலாம்.