கட்டிப் போட்டதை யாரிடம் கேட்பது?

கேள்வி: போன வருடம் எனக்கு நோய் முற்றியபோது அண்ணன் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்த்தார். பேன் இருக்கிறது என்று மொட்டை அடித்துவிட்டார்கள். ராத்திரியில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கட்டிலோடு துணியால் கட்டிப் போட்டார்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கின் கேட்டால் திட்டுதான் விழும். வீட்டுக்குப் போன் பேசவும் விடவில்லை. இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். புகார் கொடுக்கட்டுமா என்றால், "உன் பேச்சை யார் நம்புவார்கள்? நல்லதுக்குத்தானே சேர்த்தோம்" என்கிறார் அண்ணன். மறுபடி முடியாமல் போனால் அங்கேயேதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் பேச்சை நான் நம்புகிறேன். புகார் கொடுங்கள்.

நீங்கள் எழுதிய ஒவ்வொன்றையும் 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பெயர் சொல்லியே பேசுகிறது. கட்டாய மொட்டை கூடாது. மாதவிடாய்க்குத் தேவையானதைக் கொடுத்தே ஆக வேண்டும். போன் பேச உரிமை உண்டு. ஒருவரைக் கட்டுவதென்றால், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். ஆள் பற்றாக்குறையைச் சொல்லிக் கட்டக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் சொன்ன அதே காரணம்!

'நல்லதுக்குத்தான்' என்ற பேச்சுக்கு வருகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகம் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. குணமாகட்டும் என்றுதான் அவர்களையும் குடும்பத்தார் அங்கே விட்டிருந்தார்கள். உங்கள் அண்ணனின் பாசத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் உள்ளே ராத்திரியில் நடந்தது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

முதலில், உங்கள் மருத்துவக் குறிப்புகளை எழுத்து மூலம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. கட்டியிருந்தால் எப்படி, எதற்காக, எவ்வளவு நேரம் என்று அதில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவே இல்லையென்றால் அதையும் புகாரில் சேர்க்கலாம். புகாரை மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சரியான பதில் இல்லையென்றால், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க இந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போங்கள். அங்கே கட்டணம் கிடையாது. உங்கள் சம்மதத்தோடு, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதியும் உங்களுக்காக மனு போடலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

யார் நம்புவார்கள் என்ற கேள்வி பழைய கேள்விதான். 2006-ல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை உருவானபோது, மனநல சிகிச்சையில் வதைபட்டு மீண்டவர்களும் போய்ப் பேசினார்கள். இந்தியா 2007-ல் அதை ஏற்றது. அதற்கு ஏற்ப வந்ததுதான் நம் சட்டம்.

அப்புறம், அடுத்த முறை பற்றிய பயம். எனக்கு இதுதான் புகாரைவிட முக்கியமாகப் படுகிறது. நன்றாக இருக்கும் இப்போதே, எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க சட்டம் இடம் தருகிறது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, வாரியத்தில் பதிய வேண்டும். உங்கள் சார்பில் பேச ஒரு பிரதிநிதியையும் நீங்களே நியமிக்கலாம். அவர் அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களைப் புரிந்த தோழியாக இருக்கலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் இந்த எழுத்து செல்லாது. மற்ற நேரங்களில் மருத்துவரோ உறவினரோ இதை மீற நினைத்தால் வாரியத்திடம் போய்த்தான் கேட்க வேண்டும். அதிலேயே "அந்த மருத்துவமனை வேண்டாம்" என்றும் எழுதுங்கள். வேறொருவரை நியமித்தால் அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவசரத்தில் தெரியவந்தால் சண்டைதான் வரும்.

அந்த மருத்துவமனை மேல் உள்ள கோபத்தில் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். புகார் எழுதும்போது அந்த ராத்திரிகள் நினைவுக்கு வந்து தூக்கம் கெடலாம். தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம்.