பழைய ஹைலக்ஸுக்கு எந்த எஞ்சின்? கேள்வி பதில்

கொடிகாமம்: அண்ணை, என்னிடம் டொயோட்டா எல்என்105 ஹைலக்ஸ் பிக்கப் இருக்கிறது, நாலு சில்லும் இழுக்கும். அதன் 2எல் டீசல் எஞ்சின் புகை தள்ளுகிறது. 1கேஇசட்-டிஇ போடலாமா?

போடலாம் தம்பி, ஆனால் அது எஞ்சினோடு முடியாது. அது டேர்போ எஞ்சின், டீசல் பம்பும் எலக்ட்ரோனிக். கம்பியூட்டர், வயர் கட்டு, இன்டர்கூலர் உள்ளதென்றால் அதுவும், எல்லாம் கூடவே வரவேண்டும். கியர்பொக்ஸும் மாறும், அப்புறம் புரொப்பெல்லர் சாஃப்டின் நீளத்தையும் பார்க்கவேண்டிவரும். ஒன்று குறைந்தாலும் வாகனம் மாதக்கணக்கில் கராஜில்தான் நிற்கும்.

2எல், 3எல், 5எல் மூன்றும் ஒரே குடும்பம்: 2446, 2779, 2986 சிசி. எஞ்சினைத் தாங்கும் மவுன்டும், கியர்பொக்ஸோடு இணைக்கும் பெல் ஹவுசிங்கும் பொருந்தும், வெட்டி ஒட்டும் வேலை குறைவு. யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு மலையா இருக்கிறது? வயலுக்குள்ளிருந்து நெல் மூட்டையோடு வெளியே வர லோ கியரும் 5எல்லும் தாராளம். என் கையால் செய்வதென்றால் 5எல்தான் போடுவேன்.

வாங்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கையில் உங்கள் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஓடும்போது ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள், புகை குபுகுபு என்று வந்தால் விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. முன்பு மாற்றினார்களோ இல்லையோ, எஞ்சின் கீழே இருக்கும்போதே புதிதைப் போட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு றேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம். கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படைதான் றேடியேற்றர் குழாய்க்குள்ளும் படிகிறது. கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். கூலன்டும் பற்றரிக்கு விடுகிற தண்ணீரும் கலந்து விடுங்கள்.

மானிப்பாய்: 3எல்லா 5எல்லா நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். நல்ல நிலையில் 3எல் கிடைத்தால் அதுவும் சரி.

நெல்லியடி: எஞ்சின் நம்பர் மாறினால் பிரச்சினையா?

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பர் இருக்கிறது, மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். பில்லும் இறக்குமதிக் கடதாசியும் இல்லாத எஞ்சினை, கொழும்புப் பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

காரைநகர்: சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடினோமே. டீசல் எஞ்சினுக்கும் விட்டால் என்ன?

பருத்தித்துறை: அவர் சொல்வது சரி. எங்கள் ஐயாவின் ஒஸ்ரின் ஏ40 கார் வருஷக்கணக்காக மண்ணெண்ணெயில்தான் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கார்களை நானும் ஓட்டியிருக்கிறேன். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அவை அமுக்கம் குறைந்த பெற்றோல் எஞ்சின்கள், அதனால் தாங்கின. ஹைலக்ஸில் டீசல் தள்ளுகிற ரோட்டரி பம்புக்குத் தனி ஒயில் கிடையாது. உள்ளே போகிற டீசல்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு, பம்ப் உரசித் தேயும்.

காரைநகர்: பாதிக்குப் பாதி கலந்தால்?

தேய்வு கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

பருத்தித்துறை: எஞ்சின் ஒயில் கொஞ்சம் கலந்தால் மசகு வந்துவிடுமே?

மசகு வரும், ஆனால் டீசலைப் பீச்சுகிற நொசிலில் கரி பிடிக்கும், புகைப் பரிசோதனையில் தவறிவிடுவீர்கள். டீசலே கிடைக்காத நாளில் வேறு வழியில்லாமல் செய்ததை இன்றைக்கு ஏன் செய்கிறீர்கள்? ஷெட்டில் டீசல் இருக்கிறது. பம்ப் திருத்தும் செலவில் எத்தனை தாங்கி நிரப்பலாம் என்று கணக்குப் பாருங்கள். மண்ணெண்ணெய்க் கேள்விக்கு இனிப் பதில் எழுதமாட்டேன்.

சுன்னாகம்: 1கேஇசட் போட்டு ஆறு மாதம். வாகனம் கொதிக்கிறது, றேடியேற்றருக்குள் குமிழி வருகிறது.

ஓட்டாதீர்கள், இன்றைக்கே நிறுத்துங்கள். அதன் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்பாகம், அலுமினியம். கொதித்தால் வால்வுகளுக்கு நடுவில் வெடிப்பு விழும். ஹெட்டுக்குக் கீழே உள்ள கேஸ்கட் மட்டும் போயிருந்தால் உங்கள் நல்ல காலம். ஹெட்டைக் கழற்றி அமுக்கம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன தண்ணீர் விட்டீர்கள்?

சுன்னாகம்: வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் அண்ணை.

றேடியேற்றரையும் கழற்றுங்கள். ஹெட்டை மட்டும் மாற்றினால் அடுத்ததும் இப்படித்தான் போகும்.