கீசர் லைனுக்கு எந்தப் பைப்?

கேள்வி: பாத்ரூமில் கீசர் மாட்டப்போகிறோம். சிபிவிசி பைப்தான் வேண்டும் என்கிறார் பிளம்பர். விலை கூடுதல். யுபிவிசி போதாதா?

பதில்: போதாது. 60 டிகிரிக்கு மேல் யுபிவிசி இளகித் தொய்ந்துவிடும். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும். மிச்சம் பிடிக்க நினைத்தால் குளிர்நீர் லைனை யுபிவிசியில் போடுங்கள். ஆனால் கீசருக்குள் நுழையும் கடைசித் துண்டும் சிபிவிசியாக இருக்கட்டும், சூடு பின்னோக்கி ஏறும். சுடுநீருக்கு 10 அடிப் பைப் இரண்டு, மூன்றுதான் ஆகும். அதில் என்ன கஞ்சத்தனம்!

ஒழுகல் பெரும்பாலும் ஜாயின்டில்தான். நேராக அறுத்து, பிசிறை வழித்து, சிபிவிசிக்கான சால்வென்ட் (ஒட்டும் பசை) தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, 30 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே கையை எடுத்தால் பைப் மெல்லப் பின்னால் நழுவும். கீசர் வாயில் பித்தளை மரை அடாப்டர் போடுங்கள். பிளாஸ்டிக் மரை சூட்டில் விரியும்.