தேய்ந்த கிட்டார்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில் கிட்டார் பழுது பார்ப்பது என் தொழில். எலெக்ட்ரிக், அக்கூஸ்டிக் இரண்டும் வரும். ஆனால் தேய்ந்து, கீறி, வாசித்தவரின் கைத்தடம் பதிந்த பழைய அக்கூஸ்டிக் ஒன்று மேஜைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு மற்ற வேலைகள் தள்ளிப்போகும். அப்படிப்பட்ட கிட்டார்கள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து ஒரு மாணவி: அண்ணா, அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிட்டாரைப் படத்தில் பார்த்தேன். முன்பக்கம் பெரிய ஓட்டை. அது எப்படி விழுந்தது? இன்னும் ஏன் அதையே வாசிக்கிறார்?

அந்தக் கிட்டாருக்கு ‘ட்ரிக்கர்’ என்று பெயர். மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 என்ற நைலான் கம்பி கிட்டார். 1969இல் நெல்சனிடம் இருந்த வேறொரு கிட்டார் உடைந்துபோனது. அதைச் சரிசெய்ய நாஷ்வில்லில் ஷாட் ஜாக்சன் என்பவரிடம் அனுப்பினார். அது தேறாது என்று சொன்ன ஜாக்சன், தன்னிடம் இருந்த என்-20இல் பழைய கிட்டாரின் பிக்கப்பை, அதாவது அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவியை, மாட்டித் தருவதாகச் சொன்னார். நெல்சன் கண்ணால் பார்க்காமலே 750 டாலருக்கு வாங்கினார்.

ஓட்டைக்குக் காரணம் எளிது. நைலான் கம்பி கிட்டார் விரலால் மீட்டுவதற்காகச் செய்யப்படுவது. அதனால் ஸ்டீல் கம்பி கிட்டாரில் இருப்பதுபோல மேல்பலகையைக் காக்கும் பிக்கார்டு அதில் இருக்காது. நெல்சனோ பிக் என்ற சின்னத் தகடு வைத்து அடித்து வாசிப்பவர். பிக்கின் நுனியும் விரல்களும் ஒரே இடத்தில் பல்லாண்டு உரசியதில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரப் பலகை மெலிந்து, வட்டத் துளைக்கும், கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே திறந்துகொண்டது. மேல்பலகை மொத்தமே இரண்டரை, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அது தானாக நிலைத்து நிற்கவில்லை. டெக்சஸின் ஆஸ்டின் நகரில் மார்க் எர்ல்வைன் என்ற கிட்டார் செய்யும் கைவினைஞர் பல பத்தாண்டுகளாக அதைப் பராமரிக்கிறார். உள்ளே மேல்பலகையைத் தாங்கும் சட்டங்களைப் பலப்படுத்துகிறார், தேய்ந்த இடத்தில் லாக்கர் என்ற மெருகுப் பூச்சைப் பூசுகிறார். ஓட்டையை மட்டும் மூடுவதில்லை. பலகை முழுக்க நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கையெழுத்துகள் உண்டு. முதல் கையெழுத்து பாடகர் லியோன் ரஸ்ஸலுடையது. டென்னஸியில் நெல்சனின் வீடு எரிந்தபோது அவர் உள்ளே போய் மீட்டுவந்த பொருள்களில் ட்ரிக்கரும் ஒன்று. அந்தத் தொனிக்கு ஈடாக இன்னொன்று அவருக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் வாசிக்கிறார். எனக்கு அது போதுமான காரணமாகத் தெரிகிறது.

திருச்சியிலிருந்து ஒரு இசை ஆசிரியர்: பழைய கிட்டார் நன்றாக ஒலிக்கும் என்பது உண்மையா, வெறும் நம்பிக்கையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் மரம். மரத்தில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள்தான் காற்றின் ஈரத்தை அதிகம் இழுப்பது. பல ஆண்டுகளில் அது மெல்லச் சிதைகிறது. அதன்பின் மரம் முன்போல ஈரம் குடிக்காது, எடை சற்றுக் குறையும், அதிர்வைத் தனக்குள் விழுங்குவதும் குறையும். கம்பியிலிருந்து வரும் அதிர்வு வீணாகாமல் ஒலியாக வெளியே வரும். இன்று சில கம்பெனிகள் புது ஸ்ப்ரூஸை ஆக்சிஜன் இல்லாத அடுப்பில் வாட்டி விற்பது இதே மாற்றத்தைச் சில மணி நேரத்தில் கொண்டுவரத்தான்.

அடுத்தது கட்டுமானம். என் அனுபவத்தில் வயதைவிட இதுவே பெரிது. 1930களில் வந்த, மார்ட்டினின் டி-28 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பலகை அடிரான்டாக் சிவப்பு ஸ்ப்ரூஸ். உள்ளே எக்ஸ் வடிவச் சட்டங்கள் நடுநடுவே குடைந்து எடை குறைக்கப்பட்டிருக்கும். தடித்த கம்பிகளைப் போட்டுப் பலர் பலகையை வீங்கவைத்ததால், 1944 இறுதியில் மார்ட்டின் அந்தக் குடைவை நிறுத்தியது. சட்டம் கனத்தது, கிட்டார் உறுதியானது, ஒலி கொஞ்சம் இறுகியது. அதே கம்பெனியின் 1938 கிட்டாரும் 1955 கிட்டாரும் வேறு வேறாக ஒலிப்பதற்கு இதுதான் முதல் காரணம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மிச்சிகனின் கலமசூ ஆலையில் பெரும்பாலும் பெண்கள் செய்த கிப்சன் ஜே-45 கிட்டார்களைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றின் உடம்பும் லேசானது.

மூன்றாவது, நமக்கு வந்துசேர்ந்திருப்பவை தப்பிப் பிழைத்தவை. சுமாராக ஒலித்ததை யாரும் அறுபது எழுபது வருஷம் காப்பாற்றி வைக்க மாட்டார்கள்.

அப்புறம் சோதனைகள். 2010இல் இண்டியானாபோலிஸில் ஒலி ஆய்வாளர் க்ளாடியா ஃப்ரிட்ஸும் வயலின் செய்பவரான ஜோசஃப் கர்ட்டினும் வயலின் கலைஞர்களின் கண்ணை மறைத்து ஸ்ட்ராடிவரி உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதியவற்றையும் கொடுத்தார்கள். பெரும்பாலானோர் எடுத்தது புதியதை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 52 பேரை வைத்து நடத்திய சோதனையில், பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் மாறிய ஆறு கிட்டார்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் எதையும் வாசித்தவர்கள் சொல்லவில்லை. இவற்றை நான் மதிக்கிறேன். ‘பழசு’ என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கிட்டாரையும் வாங்காதீர்கள். ஆனால் லேசான கையால் செய்து, நன்றாக வாசிக்கப்பட்டு, ஒழுங்காகப் பராமரித்த ஒரு பழைய கிட்டாரை மடியில் வைத்து ஜி கார்டு ஒன்றை அடித்துப் பாருங்கள். பின்பலகையின் அதிர்வு வயிற்றில் தெரியும். அதை நம்பிக்கை என்று என்னால் ஒதுக்க முடியாது.

ஈப்போவிலிருந்து: அண்ணே, மாமா கொடுத்த யமாஹா எஃப்ஜி-180 என்னிடம் இருக்கிறது. உள்ளே சிவப்பு லேபிள். ப்ளைவுட் கிட்டார்தானே, இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ப்ளைவுட்தான். ஆனால் மெல்லியது, அக்கறையாகச் செய்தது. 1966இல் எஃப்ஜி வரிசை தொடங்கியபோது வந்த மாடல் உங்களுடையது. உள்ளே ‘நிப்பான் கக்கி’ என்று இருக்கும், அதுதான் அன்றைய கம்பெனிப் பெயர். ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க முடியாதவர்கள் பழைய கிட்டாரின் சுகத்தை அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கழுத்து நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த வயதில் பலவற்றில் கழுத்து முன்னால் சாய்ந்திருக்கும். விற்காதீர்கள்.

கூடலூரிலிருந்து: எங்கள் பக்கத்து ஈட்டி மரத்தில் அமெரிக்காவில் கிட்டார் செய்கிறார்கள் என்பது நிஜமா?

நிஜம். முன்பு உயர்ந்த கிட்டார்களின் பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தினார்கள். பிரேசில் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தவே, 1969இல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதுதான் நம் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்த மரம் பென்சில்வேனியாவின் நாசரத் ஊருக்குப் போய் டி-28 ஆகிறது. 1970க்குப் பிந்தைய ஒரு டி-28ஐ எங்காவது பார்த்தால் பின்னால் திருப்பிப் பாருங்கள், ஊதா கலந்த அந்தப் பழுப்பு நிறமும் கருங்கோடுகளும் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். ‘பிரேசில் மரம் இல்லை’ என்பதால் சேகரிப்பவர்கள் இவற்றுக்கு விலையைக் குறைத்துப் போடுகிறார்கள். ஒலியில் ஈட்டி ஒன்றும் குறைந்ததில்லை என்பது என் உறுதியான கருத்து.

யாழ்ப்பாணத்திலிருந்து: வணக்கம் அண்ணை. அப்பாவின் பழைய கிற்றார் பல வருடம் அலுமாரிக்கு மேலே கிடந்தது. இப்ப கம்பியை அழுத்தவே முடியவில்லை, அவ்வளவு உயரம். பிரிட்ஜும் பின்னால் கிளம்பி நிற்கிறது. திருத்தலாமா, விட்டுவிடலாமா?

முதல் வேலையாகக் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள், இன்றைக்கே. ஆறு ஸ்டீல் கம்பிகள் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் அந்தப் பிரிட்ஜை இழுத்துக்கொண்டிருக்கின்றன. கிளம்பிய பிரிட்ஜ் முழுதாகப் பிய்ந்தால் மேல்பலகையின் நாரையும் சேர்த்துக்கொண்டு போகும்.

அடுத்து, ஒரு காகிதத் துண்டை பிரிட்ஜின் பின் விளிம்பில் செருகிப் பாருங்கள். ஒரு சில மில்லிமீட்டரில் நின்றால் பயமில்லை. பாதி வரை போனால் பிரிட்ஜைச் சூடுகாட்டி எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்ட வேண்டும். பிறகு கைபேசியின் விளக்கைப் போட்டு, சின்னக் கண்ணாடி ஒன்றைத் துளைக்குள் விட்டு உள்சட்டங்களைப் பாருங்கள். விரல் முட்டியால் மேல்பலகையை அங்கங்கே தட்டுங்கள். சட்டம் எங்காவது விட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் ‘டர்ர்’ என்ற சத்தம் வரும். கரையான், செல் அரித்த பொடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியாகக் கழுத்து. நீளமான ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டுகளின், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளின், மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்விளிம்பைத் தொட்டால் நல்லது. அதற்குக் கீழே போய் முட்டினால் கழுத்தின் கோணம் கெட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய நெக் ரீசெட் செய்ய வேண்டும். பழைய நல்ல கிட்டார்களில் கழுத்து வச்சிரப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு ஃப்ரெட்டைக் கழற்றி, அதன் பள்ளத்தில் ஊசித் துளை போட்டு, உள்ளே நீராவி விடுவோம். பசை இளகும், கழுத்து கையோடு வரும். அடியில் மயிரிழை மயிரிழையாகச் சீவிக் கோணத்தைத் திருத்தி மறுபடி ஒட்டுவோம். பிரிக்க முடிகிற பசையை அன்று பயன்படுத்தியதால்தான் இவ்வளவு பழைய கிட்டார்கள் இன்றும் ஒலிக்கின்றன. உங்கள் அப்பாவின் கிட்டாரில் எபாக்சி போட்டிருந்தால் இந்த வேலை கடினம், கிட்டாரின் விலையைவிடச் செலவும் ஆகலாம்.

திருத்தலாமா என்றீர்களே. கழுத்தின் முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்கு இடையே, மெல்லிய கம்பிகளுக்கு நேர்கீழே, மரத்தில் விரல் பள்ளங்கள் இருக்கின்றனவா பாருங்கள். அவை அப்பா திரும்பத் திரும்பப் பிடித்த கார்டுகள். இருந்தால், செலவுக் கணக்கை ஒதுக்கிவைத்துத் திருத்துங்கள். திருத்துபவரிடம் அந்தப் பலகையைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெசன்ட் நகரிலிருந்து: கடற்கரைக் காற்றில் பழைய கிட்டாரை எப்படிக் காப்பது?

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்பது கிட்டாருக்கு உகந்த அளவு. நம் கடற்கரையில் அது பெரும்பாலும் 70ஐத் தாண்டும். மரம் உப்பி, மேல்பலகை வயிறு வைத்து, கம்பி உயரும். பெட்டிக்குள் வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை காயவைத்துப் போடுங்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் கசியும். இரவு ஏசி, பகல் புழுக்கம் என்று மாறி மாறி வருவது இரண்டையும்விட மோசம்.

டொரொன்டோவிலிருந்து: எங்களுக்கு நேர்மாறான பிரச்சினை. இன்னொன்று, 1960களின் மார்ட்டின் ஒன்றை ஊருக்கு எடுத்துவர ஆசை. விமானத்தில் சிக்கல் வருமா?

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் ஈரப்பதம் 30க்கும் கீழே போகும். மரம் சுருங்கி வெடிக்கும். பழைய மார்ட்டின்களில் பிக்கார்டைப் பூச்சில்லாத வெறும் மரத்தின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அது சுருங்கும்போது ஓரமாகப் பலகையையும் கிழிக்கும். பெட்டிக்குள் ஈரமூட்டி வையுங்கள்.

பயண விஷயம் முக்கியம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் இருக்கிறது. எல்லை தாண்ட உரிய சான்றிதழ் வேண்டும். இந்திய ரோஸ்வுட் போன்ற மற்ற வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்குக் கிடைத்தது. 1960களின் மார்ட்டின் என்கிறீர்கள், டி-28 என்றால் பிரேசில் மரமாகவே இருக்கும். டி-18 என்றால் உடம்பு மகாகனி, ஆனால் விரல்பலகையும் பிரிட்ஜும் பிரேசில் மரமாக இருக்க வாய்ப்புண்டு. சான்றிதழ் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

மதுரையிலிருந்து: தாத்தாவின் கிட்டாரை மறுபடி பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். பழைய லாக்கர் மெல்லியது, அதன் வெடிப்புக் கோடுகளோடுதான் அழகு. மேலே கனமான பாலிஷ் ஏறினால் பலகையின் அதிர்வு மந்தமாகும், விற்கும் மதிப்பும் சரியும். ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து உடனே உலரத் துடையுங்கள், போதும்.

பெங்களூரிலிருந்து: புதுக் கிட்டாரையே கீறித் தேய்த்து ‘பழசு’ ஆக்கி விற்கிறார்களே, அது பற்றி?

செய்பவர்களின் கைத்திறனைக் குறை சொல்ல மாட்டேன். தேய்த்த கழுத்து கைக்கு இதமாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதிக விலை கொடுத்து வாங்க நான் யாருக்கும் சொல்வதில்லை. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டோனி ரைஸ் வாசித்த 1935 மார்ட்டின் டி-28ஐப் பாருங்கள். அதற்கு முன் அது கிளாரன்ஸ் ஒயிட் என்ற கிட்டார் கலைஞருடையது. ரைஸ் ஒன்பது வயதில் முதன்முதலாக அதைத் தொட்டார். ஒயிட் 1973இல் கார் மோதி இறந்தார். கைமாறிப் போயிருந்த கிட்டாரை 1975இல் ரைஸ் தேடிப்பிடித்து 550 டாலருக்கு வாங்கினார். 1993இல் புயல் வெள்ளத்தில் மூழ்கியும் பிழைத்தது. வழக்கத்தைவிடப் பெரிதான வட்டத் துளை, மாற்றிய விரல்பலகை என்று அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆலையில் போடும் கீறலுக்கு அப்படி எதுவும் இல்லை. அந்தக் கூடுதல் பணத்துக்கு நல்ல செட்டப், அதாவது கம்பி உயரம், கழுத்து எல்லாம் சரிபார்த்துச் செய்துகொண்டு, புதுக் கிட்டாரைத் தினமும் வாசியுங்கள்.

சேலத்திலிருந்து: பழைய நைலான் கம்பி கிட்டார் கிடைத்தது. ஸ்டீல் கம்பி போட்டால் சத்தம் கூடுமே, போடலாமா?

கூடவே கூடாது. நைலான் கம்பிகளின் இழுவிசை ஸ்டீலில் ஏறக்குறைய பாதிதான், உள்சட்டங்களும் அதற்கேற்ற மெல்லியவை. ஸ்டீல் போட்டால் சில வாரங்களிலேயே பிரிட்ஜ் பிய்ந்துவிடலாம், கழுத்தும் வளையும். ‘ஹார்ட் டென்ஷன்’ என்று போட்ட நைலான் செட் வாங்கிப் போடுங்கள், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் பழைய சேடில் தேய்ந்திருந்தால் எலும்பில் புதிதாக ஒன்று செய்து வையுங்கள். சத்தம் கூடும்.