மைத்துனர் தரும் பணத்தில் முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், இரண்டு குழந்தைகள். பள்ளியும் அலுவலகமும் பக்கம் என்பதால் விலை அதிகமான பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். அதே தெருவில் ஒரு பழைய இரண்டு படுக்கையறை வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. குளியலறைச் சுவரில் ஓதம், சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. அதற்கே எங்கள் எட்டு வருட வருமானத்தை விலையாகக் கேட்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ‘ஆறு வருட வருமானத்தைத் தாண்டக் கூடாது’ என்று முடிவு செய்திருந்தோம். இப்போது விட்டால் எப்போதுமே வாங்க முடியாதோ என்று பயமாக இருக்கிறது. விலையில் 15 சதவீதம் சேமிப்பு இருக்கிறது. வங்கி 60 சதவீதம் தரும். மீதியில் பாதிக்குத் தனிநபர் கடன், பாதி மைத்துனர் தருகிறார். மூன்று வருடத்தில் திருப்பித் தர வேண்டும், அதுவரை பத்திரத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் டோக்கன் கொடுக்க வேண்டும். கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: டோக்கன் கொடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை போனால் போகட்டும்.

உங்கள் தாளைப் பலமுறை பார்த்தேன். வீட்டுக் கடன் தவணையைப் பேனாவில் எழுதியிருக்கிறீர்கள். தனிநபர் கடனை அடியில் பென்சிலில், சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். மைத்துனருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் தாளிலேயே இல்லை. உறவுக்காரர் பணம் என்பதால் அது கடனாகத் தோன்றவில்லை போலிருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

உங்கள் இருவரின் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200, வீட்டின் விலை 9,600. வங்கி தருவது 5,760. நீங்கள் எழுதிய 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்குத் தவணை மாதம் 50. தனிநபர் கடன் 1,200. 14 சதவீதத்தில் ஐந்து வருடம் என்றால் மாதம் 28. மைத்துனரின் 1,200-ஐ மூன்று வருடத்தில் கொடுக்க மாதம் 33 ஒதுக்க வேண்டும், அதுவும் வட்டியே இல்லாமல். கூட்டிப் பாருங்கள்: 111. வருமானமே 100தான். பத்திரச் செலவு, பழுதுபார்ப்பு, பள்ளிக் கட்டணம், அரிசி, பருப்பு எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. வட்டி 10 சதவீதமாக உயர்ந்தால் வீட்டுத் தவணை மட்டும் 50-லிருந்து 56 ஆகும்.

முன்பணத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. விலை இறங்கினாலும் வருமானம் நின்றாலும் உங்களைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். அதையே கடன் வாங்கிக் கட்டினால் தாங்குவதற்கு எதுவும் மிஞ்சாது. ஆறு வருட வருமானம் என்ற வரம்பு எட்டானதும் இதனால்தான். விலை ஏறும்போதெல்லாம் நீங்கள் இன்னொரு கடனைத் தேடி அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை இப்போதே நிறுத்த வேண்டும்.

‘மண்ணின் விலை இறங்காது’ என்று மைத்துனர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இடநெருக்கடிக்குப் பேர்போன ஹாங்காங்கிலேயே 1997-க்கும் 2003-க்கும் இடையில் வீட்டு விலை 60 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 2003 நடுவில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டுக் கடன்கள் வீட்டின் மதிப்பைவிடப் பெரிதாக இருந்தன. பிறகு விலை ஏறியது, உண்மைதான். ஆனால் அதுவரை தவணையை விடாமல் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் அந்த ஏற்றம் பயன்பட்டது. ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் இறங்கத் தொடங்கிய நில விலை பத்து வருடத்துக்கும் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. உங்கள் பகுதியிலும் இப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. இறங்கினால் தாக்குப்பிடிக்க உங்களிடம் எதுவும் இல்லை என்கிறேன்.

மைத்துனர் பெயர் பத்திரத்தில் ஏறினால் அவர் பங்குதாரர். நாளை விற்க வேண்டுமென்றால் அவர் கையெழுத்து வேண்டும். பெரும்பாலும் வங்கி அவரையும் கடனில் சேரச் சொல்லும். அவருக்கே ஏதாவது கடன் தொல்லை வந்தால் அவர் பங்கின் மேல் உரிமை கேட்டு மூன்றாம் ஆள் வரலாம். அவர் நல்ல மனதோடுதான் தருகிறார் என்று நம்புகிறேன். மூன்றாவது வருட முடிவில் பணம் தயாராக இல்லாதபோது, ஒரு விசேஷ வீட்டில் உங்கள் மனைவி அவர் முகத்தை எப்படிப் பார்ப்பார் என்று யோசியுங்கள்.

முகவர் சொன்ன ‘வருமானம் ஏற ஏறத் தவணையும் ஏறும்’ திட்டத்தைத் தொடாதீர்கள். இன்னும் வராத சம்பள உயர்வை இன்றைக்கே அடகு வைக்கும் வேலை அது. வீட்டுச் சேமிப்பைத் துண்டு துண்டாகக் கட்டடங்களில் முதலீடு செய்யும் செயலியில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவசரத்துக்கு அந்தத் துண்டை யாரிடம் விற்பீர்கள்? வேண்டாம்.

சரி, எவ்வளவு விலை தாங்கும்? எல்லாக் கடனும் சேர்ந்து தவணை 40-க்குள் இருக்கட்டும். அதற்கு ஏறத்தாழ 4,600 கடன் கிடைக்கும். உங்கள் சேமிப்பு 1,440. அதில் 300-ஐ அவசரத்துக்கும் 350-ஐப் பத்திரச் செலவுக்கும் ஒதுக்கினால் மிச்சம் 800-க்குச் சற்றுக் குறைவு. ஆக மொத்தம் 5,400, அதாவது நாலரை வருட வருமானம். இந்த விலைக்கு உங்கள் தெருவில் வீடு கிடைக்காது. இன்னும் தள்ளிப் போக வேண்டும், இல்லையென்றால் வாடகையில் தொடர வேண்டும். வாடகை கொடுப்பதில் வெட்கம் எதற்கு? நீங்கள் இப்போது தரும் வாடகை மாதம் 20. அந்தப் பழைய வீட்டை வாங்கினால் முதல் மாதம் வங்கிக்கு வட்டி மட்டுமே 41 போகும். அசலில் கழிவது 9 மட்டும்.

எந்த வீட்டை வாங்குவதற்கும் முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு கடன் தவணைகளையும் சேர்த்தால் 78. வாடகை 20 போக மீதி 58-ஐச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போடுங்கள், ஆறு மாதம். மைத்துனரின் 33-ஐ நான் கேட்கவே இல்லை. மூன்றாம் மாதமே அந்தக் கணக்கில் கை வைக்க நேர்ந்தால், அந்த வீட்டுத் தவணையையும் மூன்றாம் மாதம் தவறவிட்டிருப்பீர்கள். முடிந்தால், ஆறாவது மாதம் உங்கள் முன்பணத்தில் 348 கூடியிருக்கும், கடன் வாங்காமலே. அப்போது புதுக் கணக்குத் தாளோடு எழுதுங்கள். எல்லா வரியையும் பேனாவிலேயே எழுதி அனுப்புங்கள்.