பலெர்மோவிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்கு: டிசம்பர் பயணக் கேள்விகள்

சிசிலித் தீவின் பலெர்மோவில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு சுவிட்சர்லாந்தில் உறவினர் இருக்கிறார்கள். நத்தார் விடுமுறைக்குக் காரில் கிளம்புவோருக்காக இந்தக் கேள்வி-பதில்.

கேள்வி: லுசேர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நால்வர் எங்கள் டீசல் காரில் போகிறோம். ஜெனோவா வரை கப்பலா, மெசினா வழியாகத் தரைவழியா? கப்பல் டிக்கெட் அதிகமாகத் தெரிகிறது.

பதில்: கப்பல் டிக்கெட்டை எரிபொருள் செலவோடு மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். பலெர்மோவிலிருந்து மிலானோ வரை தரைவழியில் ஏறத்தாழ 1,480 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் காருக்கு 89 லிட்டர் டீசல் வேண்டும். மெசினா வரையிலான ஏ20 சாலையிலும் நாபோலி-மிலானோ ஏ1 சாலையிலும் சுங்கம் உண்டு. வில்லா சான் ஜொவான்னியிலிருந்து சலெர்னோ வரையிலான ஏ2 மட்டும் இலவசம். இவற்றோடு சிசிலிக்கும் இத்தாலித் தரைக்கும் இடையிலான மெசினா நீரிணையைக் கடக்கும் படகுக் கட்டணத்தையும், நால்வருக்கு ஓர் இரவு விடுதிச் செலவையும், வழிச் சாப்பாட்டையும் கூட்டுங்கள். கப்பலில் கேபின் எடுத்தால் விடுதிச் செலவு அதிலேயே அடங்கிவிடும். பயணம் சுமார் 20 மணி நேரம். ஜெனோவாவில் இறங்கியபின் லுசேர்னுக்கு 400 கி.மீ.தான்.

ஓட்டுநர் ஒருவர்தான் என்றால் கப்பலே சரி. ஏ2 சாலை கலாப்ரியாவின் கம்போதெனேசே பகுதியில் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறுகிறது. தெற்கு இத்தாலிதானே என்று எண்ணிப் போகிறவர்கள் அங்கேயே பனியில் மாட்டுகிறார்கள். இருவர் மாறி மாறி ஓட்ட முடியும், ஜெனோவா டிக்கெட்டும் எட்டாத விலை என்றால், நாபோலிக்கு இரவுக் கப்பல் எடுங்கள். சுமார் 11 மணி நேரத்தில் 700 கி.மீ. சாலை மிச்சம்.

டிக்கெட் பதியும்போது காரின் உயரத்தைக் கூரைப்பெட்டியோடு சேர்த்து அளந்து சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் துறைமுகத்தில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். எரிவாயுக் காரானால் அதையும் பதிவிலேயே குறிப்பிட வேண்டும். கப்பல் ஓடும்போது வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். மருந்து, பிள்ளைகளின் மாற்றுடை, தொலைபேசி சார்ஜர் எல்லாம் தனிப் பையில் மேலே வரட்டும்.

ஜெனோவாவிலிருந்து ஏ7, மிலானோவைச் சுற்றும் ஏ50, பிறகு சுவிஸ் எல்லையான கியாசோவுக்கு ஏ9. வழிகாட்டிக் கருவி ஏ36 சாலைக்குத் திருப்பினால் கவனம்: அங்கே சுங்கச் சாவடியே இல்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும்; 15 நாளுக்குள் இணையத்தில் நீங்களே கட்ட வேண்டும்.

கேள்வி: கடல் கொந்தளிப்பால் கப்பல் தாமதமானால் பணம் கிடைக்குமா?

பதில்: இழப்பீடு வேறு, டிக்கெட் பணம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிப்படி, கப்பல் ரத்தானாலோ புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ மாற்றுப் பயணம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். காரணம் வானிலையாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு. இழப்பீடு மட்டும் வானிலைக்குக் கிடையாது. இயந்திரக் கோளாறு போன்ற காரணம் என்றால், 8 முதல் 24 மணி நேரப் பயணத்தில் 3 மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 சதவீதமும், 6 மணி நேரத்தைத் தாண்டினால் 50 சதவீதமும் தர வேண்டும். கூப்பன் நீட்டினால் பணமாகவே கேளுங்கள். புகாரை 2 மாதத்துக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். அவர்கள் பதில் திருப்தி தராவிட்டால் இத்தாலியின் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். தாமத அறிவிப்புப் பலகையை அங்கேயே படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பனிக்கு டயர் மாற்ற வேண்டுமா, பனியில் சக்கரத்தைச் சுற்றிப் பூட்டும் சங்கிலி வாங்கி டிக்கியில் போட்டால் போதுமா?

பதில்: சட்டத்துக்குச் சங்கிலி போதும். இத்தாலியில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, அறிவிப்பு உள்ள சாலைகளில் குளிர்கால டயர் அல்லது காரில் சங்கிலி, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். சுவிஸில் குளிர்கால டயரைப் பொதுவாகக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. ஆனால் கோடை டயரோடு பனியில் மோதினால், காப்பீட்டு நிறுவனம் அலட்சியம் என்று சொல்லித் தொகையைக் குறைக்க இடம் உண்டு.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சங்கிலியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். சாலையில் பனியே இல்லாத குளிர்ந்த காலையிலும் பிடிப்பு குறையும். சங்கிலியோ பனி மூடிய சாலைக்கு மட்டுமே, அதுவும் 50 கி.மீ. வேகத்துக்குள்.

பலெர்மோ வெயிலில் முழுக் குளிர்கால டயர் விரைவில் தேயும். அதனால் உங்களுக்கு ஏற்றது எல்லாப் பருவ டயர். பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் இருக்கிறதா என்று பாருங்கள். எம்+எஸ் (சேறும் பனியும்) எழுத்து மட்டும் இருந்தால் வாங்காதீர்கள், அதற்குப் பனிச் சோதனை கட்டாயமில்லை. வேகக் குறியீடு வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்குக் குறையக் கூடாது. நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். முன்னே இரண்டை மட்டும் மாற்றினால் வளைவில் பின்பக்கம் வழுக்கி கார் சுழலும். டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் ஆண்டும்: 3824 என்றால் 2024-இன் 38-ஆம் வாரம். தள்ளுபடி டயரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய டயரையே வைத்துக்கொள்வதானால் பள்ளம் 4 மி.மீ. இருக்க வேண்டும், சட்டம் கேட்கும் 1.6 மி.மீ. பனிக்குப் போதாது.

சங்கிலியும் ஒரு ஜோடி எடுங்கள். சுவிஸ் மலைச்சாலையில் சங்கிலிப் பலகை இருந்தால் குளிர்கால டயர் இருந்தாலும் பூட்டியே ஆக வேண்டும். சில டயர் அளவுகளுக்குச் சங்கிலி பூட்டக் கூடாது என்று காரின் கையேட்டிலேயே இருக்கும்; படித்தபின் வாங்குங்கள். முன்சக்கர இயக்கக் காருக்கு முன் சக்கரங்களில்தான் பூட்ட வேண்டும். வீட்டு வாசலில் ஒருமுறை பூட்டிப் பழகிவிடுங்கள்.

டயரைப் போலவே ஏமாற்றுபவை மூன்று திரவங்கள். வெப்ப ஊரில் ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பும் பழக்கம் உண்டு. உறைந்தால் நீர் விரிந்து எஞ்சினையே பிளக்கும். பாதிக்குப் பாதி குளிர்விப்புத் திரவம் கலந்தால் -37 டிகிரி வரை தாங்கும். மெக்கானிக்கிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி கழுவும் நீரையும் குளிர்கால வகைக்கு மாற்றுங்கள். மூன்றாவது டீசல். கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு கட்டிப்பட்டு வடிகட்டியை அடைக்கும். கார் மறுநாள் காலை கிளம்பாது. பலெர்மோவில் தொட்டியை நிரப்பாமல், கால் தொட்டியோடு ஜெனோவாவில் இறங்கி, மலை அடிவாரத்தில் நிரப்புங்கள். டீசல் கட்டிப்படாமல் தடுக்கும் சேர்மானத் திரவம் குளிருக்கு முன் ஊற்றினால்தான் பயன். கட்டிப்பட்ட மெழுகை அது கரைக்காது.

கேள்வி: சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கான ஆண்டுக் கட்டண வில்லையை (விக்னெட்) எங்கே வாங்குவது?

பதில்: விலை 40 பிராங்க், ஒரே விலைதான். மின் வில்லையை சுவிஸ் சுங்கத் துறையின் இணையதளத்திலேயே வாங்குங்கள். தேடலில் முதலில் வரும் இடைத்தரகர் தளங்கள் சேவைக் கட்டணம் சேர்க்கின்றன. நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்து பிசகினாலும் வில்லை உங்கள் காருக்கு ஆகாது. இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், வில்லைப் பணம் தனி. டிசம்பரில் போகிறவர்கள் அடுத்த ஆண்டின் வில்லையை வாங்க வேண்டும்: அது டிசம்பர் 1 முதலே செல்லும், மொத்தம் 14 மாதம். கோத்தார்டு சுரங்கச் சாலையும் இதற்குள் அடக்கம். மேலுள்ள கணவாய் குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

கேள்வி: அக்காவுக்கு ஆலிவ் எண்ணெய், இறைச்சி எடுத்துப் போகலாமா?

பதில்: தலைக்கு எண்ணெய் 5 லிட்டர், இறைச்சி 1 கிலோ. மிஞ்சினால் எடைக்கு வரி. பொருள்களின் மொத்த மதிப்பு தலைக்கு 150 பிராங்கைத் தாண்டினால் விற்பனை வரியும் உண்டு; 2024 வரை வரம்பு 300 ஆக இருந்தது, பழைய கணக்கில் போகாதீர்கள்.

கேள்வி: என் வதிவிட அட்டை புதுப்பிப்பில் இருக்கிறது, தபால் நிலையத்தில் விண்ணப்பம் கொடுத்த ரசீது மட்டும் உண்டு. என் கடவுச்சீட்டு இலங்கையுடையது.

பதில்: போகாதீர்கள். அந்த ரசீது இத்தாலிக்குள் தங்குவதற்கானது. அதைக் காட்டி சுவிஸ் உட்பட மற்ற ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைய முடியாது. அட்டை கைக்கு வந்தபின் டிக்கெட் எடுங்கள், அல்லது தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள்.